மீன் பொய்தான், அதற்காக அழிக்கலாமா?



டி.வி.யில் பழைய சாமி படம் போட்டால் நாம் எதற்குச் சிரிக்கிறோம்? வசனத்துக்கா? இல்லை. தந்திரக் காட்சிகளுக்குத்தான். அம்பு மெதுவா வரும், ராட்சசன் பொம்மை மாதிரி இருப்பான், உடனே "ஐயே, டூப்பு!" என்போம். நானும் அப்படிச் சிரித்தவள்தான். அரையாண்டு லீவுக்கு அப்புறம் சிரிப்பதில்லை.

லீவுக்கு ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அண்ணன் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்குது. ஒரு படத்தை ரசிகர்களே வெட்டி ஒட்டி, நம்பும்படி இல்லாத காட்சிகளைச் சரி செய்து பார்ப்பதற்கு ஃபேன் எடிட் என்று பேராம். அண்ணனுக்கு அதில் பைத்தியம். எங்கள் அப்பாயிக்குப் பிடித்த 'திருவிளையாடல்' படத்தை எடுத்துக்கொண்டது. 1965-இல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய படம். அதில் சிவாஜி மீனவராக வந்து, கடலுக்குள் பெரிய மீனோடு சண்டை போடுவார். எங்கள் கண்ணுக்கு அந்த மீன் பொம்மையாகத்தான் தெரிந்தது.

முதலில் அண்ணன் பழைய மீனை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் மீனை வைத்தது. செதில் செதிலாக, பளபளவென்று மின்னியது. ஆனால் ஒட்டவே இல்லை! ஏன் என்று உட்கார்ந்து பார்த்தோம். படம் பழைய ஃபிலிம், கொஞ்சம் மங்கல். மீன் மட்டும் இன்றைக்கு வாங்கினது மாதிரி இருந்தது. சிவாஜி மேல் ஒரு பக்கம் வெளிச்சம், மீன் மேல் வேறு பக்கம் வெளிச்சம். அவர் கண் பார்க்கிற இடத்தில் மீனே இல்லை. பழைய மீன் இருந்த இடத்தைப் பார்த்துத்தானே அவர் நடித்திருக்கிறார்!

இரண்டாவது தடவை பழைய மீனையே வைத்து, அது தெரிகிற நேரத்தை மட்டும் குறைத்தோம். தண்ணீரைக் கொஞ்சம் இருட்டாக்கினோம். நீர்க்குமிழியும் சத்தமும் சேர்த்தோம். இப்போது நிஜமாவே பயமாக இருந்தது. காட்டுவதைக் குறைத்தால் பயம் கூடும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

பெருமையாக அப்பாயியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அப்பாயி பார்த்துவிட்டு, "எங்கடா அந்த மீனு? சரியாவே தெரியலையே" என்று கேட்டது. "டூரிங் கொட்டாய்ல மண்ணைக் குமிச்சு உக்காந்து பாத்தேன். அந்த மீனு வந்தப்ப எங்க ஐயா துண்டுக்குள்ள மூஞ்சிய ஒளிச்சுக்கிட்டேன். அவரு கூட்டிட்டுப் போன கடைசி சினிமா அது. பழசைப் போடுடா" என்றது.

பழசு இல்லை. பென் டிரைவில் பழையதன் மேலேயே புதியதைப் பதிந்திருந்தோம். அண்ணன் முகம் சுருங்கிப் போச்சு. மறுநாள் வேறு இடத்தில் தேடி வாங்கி வந்தது. இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கு.

பழையதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ராஜகோபுரம் தெரியும். அது எத்தனையோ நூற்றாண்டு அடிப்பகுதியோடு அரைகுறையாக நின்றது. 1987-இல்தான் 236 அடிக்கு எழும்பிக் குடமுழுக்கு நடந்தது. பழைய அடிப்பகுதியை இடித்துவிட்டா கட்டினார்கள்? அதன் மேலேதானே கட்டினார்கள்! திருத்துவது என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், இயக்குநர் ஜார்ஜ் லூகாஸே 1997-இல் புது கிராஃபிக்ஸ் சேர்த்து மறுபடி வெளியிட்டார். அதற்குப் பிறகு முதலில் வந்த வடிவம் நல்ல தரத்தில் கிடைக்காமல் போய்விட்டது. ரசிகர்கள் பழைய பிரதிகளைத் தேடிப் பிடித்து, துண்டு துண்டாக ஒட்டி அதை மீட்டார்கள். எடுத்தவரே மாற்றியதற்கு இந்தப் பாடு என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் இருந்தால் மட்டும் நம்பிவிடுவோமா? 2022-இல் 'ஆதிபுருஷ்' டீசர் வந்தபோது கிராஃபிக்ஸைப் பார்த்து நாடே கேலி செய்தது. படத்தையே 2023 ஜூனுக்குத் தள்ளிப் போட்டார்கள். ஆனால் 1957-இல் கம்ப்யூட்டர் இல்லாமல் எடுத்த 'மாயாபஜார்' படத்தில், எஸ்.வி.ரங்காராவ் வாய்க்குள் லட்டு தானாகப் பறந்து போகும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கைவண்ணம் அது. இன்றைக்கும் சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்குதுகள்!

ஆகவே என் கருத்து இதுதான். ஆசைக்குத் திருத்திப் பாருங்கள், கற்றுக்கொள்ளலாம். ஆனால் அடுத்தவர் உழைப்பை நம்முடையது என்று சொல்லாதீர்கள். திருத்தியது என்று மேலே எழுதி வையுங்கள். முக்கியமாக, பழசைப் பத்திரமாக வையுங்கள். நமக்குப் பொம்மையாகத் தெரிகிற மீனுக்குப் பயந்து, யாரோ ஒருவர் தன் ஐயா துண்டுக்குள் ஒளிந்திருப்பார்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி