வெட்டப்பட்ட ஆடு

குவாதலூப் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே ஷீட் தயாராகிவிட்டது. நாலு பேர், ஏழு நாள், பதினாறு வரிசை. இடம், நேரம், செலவு, கார் நிறுத்த வசதி, கடைசியாக ‘போட்டோ ஸ்பாட்டா? ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம். எங்களோடு பாரிஸ் ப்ராஜெக்டில் இருந்த கோயம்புத்தூர் நண்பன் போட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. இணையத்தில் ‘கரீபியன் தீவில் பார்க்க வேண்டியவை’ என்று தேடினால் வருகிற நூறு பட்டியலும் இதேதான், கட்டங்கள் மட்டும் கொஞ்சம் இடம் மாறியிருக்கும்.

பட்டியலில் இருந்ததையெல்லாம் செய்தோம். தேஸே பக்கம் கிராந்த் ஆன்ஸ் கடற்கரையில் குளித்தோம். மாலாந்தூரில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்த்தோம். கார்பே அருவி, லே சேந்த் தீவுக்குப் படகு, கரும்புச் சாற்றிலிருந்து நேராக ரம் காய்ச்சும் ஆலை, 1467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை. சும்மா சொல்லக் கூடாது, எல்லாமே நன்றாக இருந்தது. கடல் அழகாக இருப்பதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

என் சண்டை பட்டியலோடுதான். பதினாறு வரிசையில் ஒரு மனிதர்கூடக் கிடையாது, ஒரு வருஷம்கூடக் கிடையாது. மணல், பாறை, அருவி, மீன், அப்புறம் நமக்கு ரம் ஊற்றித் தரும் ஒரு கை. நாங்கள் வந்து இறங்குவதற்கு முந்தின நாள்தான் அந்தத் தீவு கடலிலிருந்து முளைத்தது போல.

இல்லை, ஒரே ஒரு வரிசை இருந்தது. புவான்த்-ஆ-பித்ர் நகரத்தில் மெமோரியல் ஆக்ட். அடிமை வணிகத்தின் நினைவகம், தார்புஸியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்திலேயே 2015-ல் திறந்தது. எங்கள் ஷீட்டில் அதற்கு எதிரே ‘மழை பெய்தால்’ என்று எழுதியிருந்தது. மழை பெய்யவில்லை.

எரிமலை ஏறப் போகிறவர்கள் சேன்-குளோத் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஊரைச் சேர்ந்த மலைச்சரிவுதான் மத்தூபா. பிரெஞ்சுப் புரட்சி 1794-ல் அடிமை முறையை ஒழித்தது. 1802-ல் நெப்போலியனின் படை அதைத் திரும்பக் கொண்டுவர வந்து இறங்கியது. லூயி தெல்கிரெஸும் அவரோடு சுமார் 300 பேரும் மத்தூபாவில் சுற்றி வளைக்கப்பட்டபோது, சரணடையாமல் வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தங்களையும் சேர்த்து வெடிக்கச் செய்தார்கள். 1802 மே 28. நாங்கள் அந்த வழியாகக் காலை ஏழு மணிக்குக் காரில் போனோம். மேகம் கூடுவதற்குள் உச்சிக்குப் போனால்தான் போட்டோ விழும் என்று அவசரம்.

கபெஸ்தேர் பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் எரிமலை, நடுவில் மைல் கணக்கில் வாழை. தாருக்கெல்லாம் நீலப் பிளாஸ்டிக் உறை. “அப்படியே கேரளா மாதிரி இருக்குடா” என்றான் ஒருவன். எல்லோரும் ஜன்னலை இறக்கினோம். அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்காக குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தை 1972 முதல் 1993 வரை அந்தத் தோட்டங்களில் போட்டார்கள். அமெரிக்காவில் அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் நஞ்சேறிப் படுத்ததால் 1975-லேயே ஆலை மூடப்பட்டது. பிரான்ஸ் 1990-ல் தடை செய்தது. ஆனால் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் மட்டும் விதிவிலக்கு தந்து மேலும் மூன்று வருடம் ஓட்டியது. இன்று அந்த இரு தீவுகளிலும் வயது வந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களின் ரத்தத்தில் அது இருக்கிறது. மண்ணிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்கு. கரையோரத்தில் சில பகுதிகளில் மீன் பிடிக்கவே கூடாது. 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள், நடந்தது பெரும் கேடுதான் என்று ஒப்புக்கொண்டே, யார் மீதும் விசாரணை இல்லை என்று வழக்கை மூடினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

“லீவுக்குப் போனவனுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?” என்பீர்கள். சரி, போகிற இடத்தின் கண்ணீரையெல்லாம் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்ட மீன் எந்தக் கடலில் பிடித்தது என்றாவது கேட்டிருக்கலாம். ‘போட்டோ ஸ்பாட்டா?’ என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய கஷ்டமில்லை.

பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவைப் பற்றி ஜமைக்கா கின்கெய்ட் 1988-ல் எழுதிய ‘எ ஸ்மால் பிளேஸ்’ புத்தகத்தை ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன். சுற்றுலாப் பயணியை நேராக முன்னால் உட்கார வைத்துத் திட்டுகிற புத்தகம். அவர் திட்டுவது வெள்ளைக்காரனை என்ற நிம்மதியில் பாதி வரை ஜாலியாகப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பட்டியலுக்கு நம் ஆட்களிடம் ஒரு சொந்தப் பதிப்பு உண்டு. எனக்கு அதன் மேல்தான் அதிகக் கோபம். ‘கரீபியனில் தமிழ்க் கோயில்!’, ‘உலகின் மறுகோடியில் மாரியம்மன்!’ கபெஸ்தேரில் சாலையோரமாகவே ஷாஞ்ஜி கோயில் இருக்கிறது. வண்ண வண்ணச் சாமிகள். பார்த்ததும் நாலு பேரும் காரிலிருந்து குதித்தோம். ‘தமிழன் இல்லாத இடமே இல்லை’ என்று வரி போட்டு வீடியோ ஏற்றியவன் நான்தான். வாழ்நாளில் அத்தனை லைக் வாங்கியதில்லை.

அந்த வரி பொய் இல்லை. ஆனால் எப்படி வந்தான் என்பதை அது விழுங்கிவிடுகிறது. 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை இரண்டாவது முறையாக ஒழித்தது. விடுதலையான கறுப்பின மக்கள், பழைய முதலாளியின் கரும்புக்காட்டில் அவன் சொன்ன கூலிக்கு இறங்க மறுத்தார்கள். நியாயம்தானே? அந்தப் பேரத்தை உடைக்கத்தான் முதலாளிகளுக்குப் புதுக் கைகள் தேவைப்பட்டன. 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 பேரைக் கப்பலேற்றிக் குவாதலூப்புக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து. கல்கத்தாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் ஊருக்குக் கப்பல் என்று பேச்சு. திரும்பியவர்கள் கால்வாசிக்கும் குறைவு. அங்கேயே தங்கிப்போனவர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுகூடக் கிடையாது. அதற்காக ஆன்ரி சிதம்பரம் 1904-ல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923 வரை இழுத்தது. கபெஸ்தேரில் பிறந்த மனிதர். சோழன் கடாரம் கொண்டதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நமக்கு இவர் பெயர் தெரியாது. என் வீடியோவிலும் அவர் இல்லை.

இன்னொன்றும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, அம்மா வழியில் இந்தியர், அப்பா வழியில் ஆப்பிரிக்கர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உறவினர் ஒருவரின் நேர்த்திக்கடன் பூசைக்கு எங்களைக் கூட்டிப்போனார். சின்னக் கோயில். மாரியம்மனை மாலியேமின் என்றும் மதுரை வீரனை மால்தேவிலின் என்றும் சொல்கிறார்கள். நாகூர் ஆண்டவருக்கும் ஒரு கொடிக்கம்பம் நட்டிருந்தது, நாகூர்மிரா என்று. கப்பலேறும் முன் நாகூரைப் பார்த்துக் கும்பிட்ட யாரோ கொண்டுவந்தது அது. தப்பு அடித்தார்கள். லத்தீன் எழுத்தில் எழுதிய நோட்டைப் பார்த்துப் பூசாரி பாடினார். எனக்கு நாலு சொல்லில் ஒரு சொல் புரிந்தது. பிறகு ஆட்டைக் கொண்டுவந்து நீர் தெளித்தார்கள். ஒரே வெட்டு.

நான் நாலு நிமிடம் படம் பிடித்தேன். ஏற்றியது ஒன்றரை நிமிடம். ஆட்டை வெட்டி எடுத்துவிட்டேன்.

யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஆபீஸ் ஆட்கள் பார்ப்பார்கள், சைவ நண்பர்கள் பார்ப்பார்கள், வடக்கத்தி மேனேஜர் பார்ப்பார் என்று கை தானாகப் போனது. கீழே ஒரு மாமா கமென்ட் போட்டிருந்தார்: ‘இவ்வளவு தூரத்திலும் நம் ஆன்மிகத்தைத் தூய்மையாகக் காத்திருக்கிறார்கள்.’ அந்தத் ‘தூய்மை’யைத் தயாரித்துக் கொடுத்தவன் நான். அதற்கு ஒரு ஹார்ட் வேறு போட்டேன்.

எங்கள் ஊர் முனியப்பசாமிக்கு வருடா வருடம் கிடா வெட்டு உண்டு. காலேஜ் சேர்ந்த பிறகு ஒரு நண்பனையும் அதற்குக் கூப்பிட்டதில்லை. தமிழ்நாட்டில் பலியைத் தடுக்க 1950-லேயே ஒரு சட்டம் இருந்தது. 2003-ல் அதைத் தூசு தட்டி எடுத்து அமல்படுத்தச் சொன்னார்கள். கிராமங்கள் கொதித்தன, 2004-ல் சட்டமே போனது. சட்டம் போயிற்று, கூச்சம் போகவில்லை. அங்கேயோ, கரும்புக்காட்டில் ‘கூலி’ என்று பழித்தவர்கள் நடுவே, கத்தோலிக்கப் பாதிரிகள் முகம் சுளித்த காலத்திலும் அந்த ஆட்டை விடாமல் வைத்திருந்தார்கள். அவர்களிடம் போய் நான் ‘நம் பண்பாட்டை’க் கண்டுபிடித்து, பாதியைக் கத்தரித்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். மண்ணிலிருக்கும் விஷத்தை விட்டுவிட்டு வாழைத் தோட்டத்தை மட்டும் காட்டும் பட்டியல்காரனை நான் எந்த வாயால் திட்டுவது? ஆனாலும் திட்டத்தான் செய்கிறேன், என்னையும் சேர்த்து.

போகிறவர்கள் போங்கள். குளியுங்கள். முதல் நாளே, வெயில் அடிக்கும்போதே, மெமோரியல் ஆக்ட் போய்விடுங்கள். மத்தூபாவில் காரை நிறுத்தி இறங்குங்கள். கோயிலில் ‘உங்களுக்குத் தமிழ் தெரியுமா?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். கொலம்போ சாப்பிடுங்கள். நம் குழம்புதான் அப்படி ஆனது என்பார்கள்; மல்லியும் மஞ்சளும் வெந்தயமும் மணக்கும், காரம் கம்மி. ஆனால் ‘எங்க ஊர்ல இன்னும் நல்லா வைப்போம்’ என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன்.

அன்று வெட்டிய ஆடும் கொலம்போவாகத்தான் வந்தது. வாழை இலையில், கறுப்பர், கலப்பினத்தவர், இந்திய வம்சத்தவர், நாங்கள் நாலு பேர் என்று எல்லோரும் ஒரே பந்தியில்.

போன மாதம் அந்த நாலு நிமிட வீடியோவை வெட்டாமல் அம்மாவுக்கு அனுப்பினேன். தமிழன், மறுகோடி, பெருமை ஒன்றும் அவள் பேசவில்லை. இரண்டு முறை பார்த்துவிட்டு போன் செய்தாள்.

“கெடா நல்ல கெடாதான். தலைய யாருக்குடா குடுத்தாங்க? பூசாரிக்கா?”

தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் போனில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.