மைசூர் துணைநின்ற மீட்பு

ஜனவரி 3 நெருங்குகிறது. சிவகங்கை ராணி வேலு நாச்சியார் பிறந்தநாளைப் பெங்களூரு மர்பி டவுன் தமிழர்கள் கன்னடரோடு சேர்ந்தே கொண்டாட வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. 1772இல் காளையார்கோவிலில் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆற்காட்டு நவாப் படைகளிடம் கணவரையும் நாட்டையும் இழந்த அவர், மருது சகோதரர்கள் உடன்நிற்க, மைசூரின் ஹைதர் அலி அளித்த உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். அது வெறும் அரியணைச் சண்டை, ஹைதருக்கும் ஆதாயக் கணக்கு இருந்தது என்று சிலர் வாதிடலாம். கணக்கு இருந்தது உண்மையே. ஆனால், 1861இல் ஸ்பெயினிடம் இழந்த சுதந்திரத்தை 1865இல் போரிட்டு மீட்ட டொமினிக்கன் குடியரசுக்கு அண்டை நாடான ஹெய்தி உதவியதும் தன் பாதுகாப்பைக் கருதித்தான். அதனால் அந்த மீட்பின் பெருமை குன்றிவிடவில்லை. மைசூர்த் துணையோடு வென்ற ராணியைத் தமிழருக்கு மட்டும் உரியவராக்குவது வரலாற்றைக் குறுக்குவதாகும். கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட கித்தூர் ராணி சென்னம்மாவுக்கு இணையாக அவரது போரையும் கர்நாடகப் பாடநூல்கள் விரிவாகச் சொல்ல அரசு ஆவன செய்ய வேண்டும்.