சங்க முற்றத்துப் புல்தரை

நம் கூட்டுறவுச் சங்கங்கள் பல சொந்தக் கட்டடம் எழுப்பியுள்ளன. வாடகை வீட்டுத் திண்ணையில் தராசும் பேரேடும் வைத்துக்கொண்டு நூல் பட்டுவாடா செய்த நிலை மாறி, அங்கத்தினர்கள் தமது என்று சொல்லிக்கொள்ளத்தக்க கூரை ஒன்று ஏற்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கட்டடத்தோடு கூடவே வேறொரு வழக்கமும் நம்மிடையே புகுந்துவிட்டது. திறப்பு விழாவிற்கு ஒரு வாரம் இருக்கையில் பாய்போல் சுருட்டிய கொரியப் புல் லாரியில் வந்து இறங்குகிறது. முற்றம் முழுவதும் விரிக்கப்படுகிறது. ‘புல்மேல் நடக்காதீர்’ என்று ஒரு பலகையும் நடப்படுகிறது. இவ்வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் பங்கையும் ஒப்புக்கொள்வது முறை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றபோது, புதிதாக விரித்திருந்த புல்தரையைக் கண்டு நாமே மயங்கினோம். ‘சங்க வளாகம் கண்ணுக்கினிய முறையில் பராமரிக்கப்படுகிறது’ என்று ஆய்வுக் குறிப்பில் நம் கைப்பட எழுதியும் வைத்தோம். அந்த முற்றம் அதற்கு முன் என்னவாக இருந்தது என்று அன்று ஒருவரையும் கேட்கவில்லை. அது பாவடியாக இருந்தது. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், அத்தெருவின் நெசவாளர்கள் பாவு விரித்துக் கஞ்சி போட்டு ஆற்றிய இடம் அதுவே. புல் வந்தபின் அவர்கள் மோட்டார் வண்டிகள் ஓடும் தெருவிற்குப் பாவை எடுத்துச் சென்றனர். ஈரக் கஞ்சியில் தெருப் புழுதி ஒட்டினால் கோரா நூல் என்ன நிறம் கொள்ளும் என்பதை இப்பத்திரிகையைப் படிப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மறு ஆண்டு கோடையில் அதே சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டியபோது கண் திறந்தது. ‘இதர செலவு’ என்ற தலைப்பில் தண்ணீர் லாரி வவுச்சர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. அவற்றின் நடுவே புல் வெட்டும் கூலி, யூரியா, களை பறித்த கூலி. அதே வாரங்களில் நெசவுக் கூலிப் பட்டியல் இரண்டு நிலுவையில் நின்றது. சட்டப்படி எதுவும் தவறன்று. நிர்வாகக் குழு தீர்மானம் இருந்தது. ரசீதுகளும் ஒழுங்காக இருந்தன. தணிக்கையில் எழுப்பத்தக்க ஆட்சேபனை ஒன்றுமில்லை. ஆயினும் வாசலில் கூலிக்குக் காத்திருந்த ஓர் அம்மையார், குழாயால் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்த பார்வை எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஆட்சேபனையாக நமக்குத் தோன்றியது.

கணக்கைச் சற்று விரிவாகவே போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நிற்க வேண்டுமானால் ஒரு லிட்டர் தேவை. நம் ஊர்க் கோடையில் புல்தரை வாடாதிருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவேனும் வேண்டும். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஆகவே 10 சென்ட் புல்தரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் பெரிய லாரி ஆறு நாளில் தீர்ந்துவிடும். 2019-ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பதே இலக்கு. அக்கணக்கின்படி, மேற்சொன்ன புல்தரை குடிப்பது முப்பத்தாறு பேருடைய தண்ணீர்.

இப்புல்தரை வழக்கம் நம் மண்ணில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள், பயிரிடாமலே ஒரு நிலத்தை வைத்திருக்கும் வசதி தமக்கு உண்டு என்பதைக் காட்ட மாளிகை முன் புல் வளர்த்தார்கள். கூலியாட்கள் நீண்ட அரிவாளால் அதை அறுத்துச் சமன் செய்தனர். அங்கே வானமே அதற்குத் தண்ணீர் பாய்ச்சியது. இவ்விடத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. லண்டன் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டரே. தமிழ்நாட்டின் சராசரியோ 900-க்கும் மேல். ஆனால் அவர்கள் மழை பன்னிரண்டு மாதமும் பகிர்ந்து பெய்கிறது, வெயிலும் மெல்லியது. நம் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் புல்லுக்கு லாரிதான் மேகம்.

நெசவாளர் அன்பர்களுக்கு இதில் ஒரு செய்தி சுவையாக இருக்கும். புல் வெட்டும் பொறியைக் கண்டுபிடித்தவர் எட்வின் பட்டிங் என்பவர். கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற ஸ்ட்ரவுட் என்னும் ஊரைச் சேர்ந்தவர். அவ்வூர் ஆலைகளில் துணியின்மேல் எழும்பி நிற்கும் பிசிரைச் சீராகக் கத்தரிக்க, கத்திகள் பொருத்திய உருளை ஒன்று இருந்தது. அதைக் கண்டே, புல்லையும் அவ்வாறு கத்தரிக்கலாம் என்று எண்ணி 1830-இல் காப்புரிமை பெற்றார். துணிக்காக ஏற்பட்ட கருவி புல்லுக்குப் போயிற்று. நம் சங்கத்திலோ துணிக்காக இருந்த இடமே புல்லுக்குப் போயிற்று!

சரி, புல்லை எடுத்துவிட்டு என்ன செய்வது? பாவு விரிக்கும் நீளத்திற்கு வெறும் தரையாகவே விடுக என்பது நம் முதல் யோசனை. சாணம் தெளித்துப் பெருக்கிய தரைக்கு நிகர் ஏதுமில்லை. ஆனால் சுற்றுப்புறம் முழுவதையும் வெறுமையாக விட்டால் காற்றடிக்கும் ஆடி மாதத்தில் புழுதி பாவின்மேல் வந்து விழும். எனவே ஓரங்களில் மண்ணைப் பிடித்து வைக்கும் படர்செடி வேண்டும். அதற்கு நாம் பரிந்துரைப்பது பொடுதலை.

வேளாண் அன்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் தானே படர்ந்து கிடப்பதை யார் விலை கொடுத்து வாங்குவர்? விலை கொடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் சிறப்பு. ஆயினும் ஜப்பானில் இவ்வினத்திலிருந்து தேர்ந்தெடுத்த வகை ஒன்றைக் ‘குராபியா’ என்று பெயரிட்டுப் புல்தரைக்கு மாற்றாக விற்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் அதை நடுகிறார்கள். நாம் மருந்தடித்துக் கருக்குவதன் உறவினரை அவர்கள் தொட்டியில் வைத்து விற்கிறார்கள்.

பொடுதலையின் கொடி தரையோடு தரையாக ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும். ஆதலால் மண் அரிப்பைத் தடுக்கும். சிறு வெண்ணிறப் பூக்கள் வண்ணத்துப்பூச்சிகளை அழைக்கும். நடந்தால் நசுங்கி மடியாது. உவர் மண்ணையும், சில நாள் நீர் தேங்குவதையும் பொறுக்கும். நன்கு வேரூன்றிய பின் வாரம் ஒருமுறை நனைத்தால் பசுமையாக இருக்கும். அதுவும் கிடைக்காத கோடையில் இலை குறைந்து சுருங்கி, மழை கண்டதும் மீண்டும் தழைக்கும். கை கழுவும் குழாயடியிலும் மரநிழலிலும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் வரும். அவை ஈரத்தை விரும்புபவை, வெயில் முற்றத்தில் அவற்றை நட்டு ஏமாற வேண்டாம்.

நடும் முறை எளிது. முன் வேலைதான் கடினம். பழைய புல்லையும், அதைவிட முக்கியமாகக் கோரைக் கிழங்கையும் கோடையிலேயே கொத்திப் புரட்டி வெயிலில் காயவிட வேண்டும். கோரையை விட்டுவைத்தவர் பின்னர் வேறு எதையும் வளர்க்க இயலாது. ஐப்பசி மழை தொடங்குங்கால், இரண்டு மூன்று கணுவுள்ள தண்டுகளைச் சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும். முதல் இரண்டு மாதம் கையால் களை எடுக்க வேண்டும். பராமரிப்பே தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. மஞ்சள் பூப்பூக்கும் ஒரு படர்செடியை நாற்றங்கால்களில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த அச்செடி, உலகின் மிகக் கொடிய நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. வாய்க்காலை எட்டினால் வயலை எட்டும். பொடுதலைக்கு நெருங்கிய உறவான தென் அமெரிக்க இனம் ஒன்றும் ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் ஆற்றுச் சமவெளியில் பரவி மேய்ச்சல் நிலத்தைக் கெடுத்திருக்கிறது. ஆகவே அயல்நாட்டு வகையைத் தேடாமல் நம் வரப்பிலிருப்பதையே எடுப்பதும், முற்றத்தைச் சுற்றி ஒரு கல் வரிசை வைப்பதும் விவேகம்.

மேற்படி சங்கத்தில் இவ்யோசனையைச் சொன்னபோது வயது முதிர்ந்த இயக்குநர் ஒருவர், “இன்ஸ்பெக்டர் ஐயா, சங்கம் என்ன மூலிகைக் கடையா?” என்று கேட்டார். வருகிற அதிகாரிகள் லட்சணம் குறைந்தது என்று நினைப்பார்களே என்பது அவர் கவலை. அக்கவலைக்கு நம் ஆய்வுக் குறிப்பும் ஒரு காரணம் என்பதால் நாம் பதில் சொல்லக் கூசினோம். பூவில் தேனீ மொய்க்கும், வெறுங்காலுடன் வரும் குழந்தைகளைக் கொட்டுமே என்று மற்றொருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. நடைபாதையை ஒட்டி நடாமல் மூன்று அடி விட்டு நட்டிருக்கிறார்கள். இலையைப் பறித்துச் சமைக்கலாமா என்று வினவியோருக்கு, வண்டியும் செருப்பும் புழங்கும் இடத்து இலை வேண்டாம் என்றே கூறினோம்.

சென்ற ஐப்பசியில் நட்டது இவ்வாண்டு கல் வரிசையைத் தொட்டுவிட்டது. தண்ணீர் லாரி வவுச்சர் இக்கோடையில் இல்லை. நடுவே எழுபது அடி நீளத்திற்குத் தரை வெறுமையாக இருக்கிறது; நாம் சென்ற அன்று காலை அதில் இரண்டு பாவுகள் விரிந்திருந்தன. ஓரத்துக் கொடிகளை எப்படியும் நறுக்கியாக வேண்டுமாம். அண்டைச் சங்கத்தார் யாரேனும் வேண்டினால் ஐப்பசிக்கு முன் ஈரச் சாக்கு ஒன்றுடன் வரலாம் என்று காரியதரிசி சொல்லியனுப்பியிருக்கிறார்.