கம்பை விட்டுவிட்டு எங்கே போவார்கள்?

2026 ஜனவரியில் பன்வேல் ரயில் நிலையத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மங்களூருவில் அகில இந்தியப் பல்கலைக்கழகத் தடகளப் போட்டியை முடித்துக்கொண்டு போபாலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த, கம்பூன்றித் தாண்டும் போல்வால்ட் வீரர்கள் தேவ் மீனாவும் குல்தீப் யாதவும், கையில் கம்புகள் இருந்த காரணத்துக்காக ரயிலை விட்டு இறக்கப்பட்டார்கள். தேவ் மீனா அப்போது தேசிய சாதனையாளர். நடைமேடையில் மணிக்கணக்கில் காத்துக்கிடந்து, கேட்ட பணத்தைக் கட்டிய பிறகுதான் அவரால் வேறு ரயில் ஏற முடிந்தது. ரயில்வே மீது எழுந்த கண்டனம் முழுக்க நியாயமானது. ஆனால் அந்தக் கண்டனங்களுக்கு நடுவே ஒரு கேள்வியும் எழுந்தது: இவ்வளவு பெரிய வீரர்கள் விமானத்தில் போயிருக்கலாமே?

அந்தக் கேள்விதான் இந்தத் தலையங்கத்தை எழுத வைக்கிறது. கேட்டவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. ஆனால் இந்த நாட்டில் போல்வால்ட் வீரர்கள் ரயில் ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கம்புகளைக் கட்டிக்கொண்டும், இருக்கைகளுக்கு அடியில் தரையோடு தரையாகச் செருகிக்கொண்டும் போவதற்குக் காரணமே, விமானத்தின் கதவு அவர்களுக்குப் பாதி மூடியிருப்பதுதான். டிக்கெட் வாங்கப் பணம் இருந்தாலும் கம்பு ஏறும் என்ற உறுதி இல்லை. அந்த உறுதி இல்லாமல் எந்த வீரர் டிக்கெட் வாங்குவார்?

கம்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். கண்ணாடி இழையாலும் கார்பன் இழையாலும் ஆன அந்தக் கம்பு மூங்கில் கழி மாதிரி கிடைத்த இடத்தில் வாங்கிக்கொள்ளும் பொருள் இல்லை. ஒவ்வொரு கம்பும் இன்ன நீளம், இன்ன உடல் எடை என்ற கணக்கில் தயாராகிறது. உயரம் கூடக்கூட வீரர் விறைப்பான கம்புக்கு மாறுவார். அதனால் ஒரே ஒரு கம்போடு யாரும் போட்டிக்குப் போவதில்லை, ஒரு கட்டாகத்தான் போவார்கள். முன்னணி ஆண் வீரர்களின் கம்பு 5 மீட்டரை ஒட்டி நிற்கும். மடிக்க முடியாது, கழற்றி மாட்டவும் முடியாது. எடையோ ஒரு கைக்குழந்தையின் எடையை விடக் குறைவு. பரப்பில் ஆழமான ஒரு கீறல் விழுந்தாலும் போதும், அடுத்த தாண்டலில் வளையும்போது அந்த இடத்தில் முறியலாம். முறிந்தால் அடிபடுவது வீரர்தான். வெளிநாட்டிலிருந்து சரக்குக் கட்டணமும் சுங்கமும் கொடுத்து வரவழைக்கும் இந்தக் கம்புகளைப் பெரும்பாலான குடும்பங்கள் கடன்பட்டுத்தான் வாங்குகின்றன.

இப்படிப்பட்ட ஒரு பொருளைப் பற்றி விமானத் துறையில் விதி எழுதுகிறவர்கள் என்ன முடிவெடுத்தார்கள்? 2015-ல் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடிப்படைக் கட்டணத்திலிருந்து சில சேவைகளைப் பிரித்தெடுத்துத் தனியே காசு வாங்கிக்கொள்ளலாம் என்று அது விமான நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. எந்தெந்தச் சேவைகள்? விரும்பிய இருக்கை, சாப்பாடு, சிற்றுண்டி, ஓய்வுக்கூடம், பெட்டி. அதே வரிசையில் விளையாட்டுக் கருவி, இசைக்கருவி. ஜன்னலோர இருக்கையும் சாண்ட்விச்சும் ஒருவர் வேண்டாம் என்று விடக்கூடியவை. வீணைக் கலைஞர் வீணையை விட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போக முடியுமா? ஈட்டி எறிபவர் ஈட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போட்டிக்குப் போவாரா? தொழில் செய்பவரின் கருவியைச் சொகுசுப் பட்டியலில் சேர்த்ததுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. காசு வாங்கலாம் என்று சொன்ன சுற்றறிக்கை, காசு வாங்கினால் ஏற்றியாக வேண்டும் என்று சொல்லவில்லை. எவ்வளவு நீளம் வரை, எந்த ரக விமானத்தில், எத்தனை நாளுக்கு முன்னால் சொன்னால், மறுத்தால் யார் பொறுப்பு என்ற ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கும், அலைச்சல் முழுவதும் பயணிக்கும் என்று பங்கு பிரித்துவிட்டார்கள்.

அந்த அலைச்சல் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். விமானப் பெட்டிக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு, நீளமும் அகலமும் உயரமும் சேர்த்து 158 செ.மீ. கம்பு அதைப் போல மூன்று மடங்கு. எனவே வீரரோ பயிற்சியாளரோ முதலில் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசுவார். மறுமுனையில் இருப்பவருக்குப் போல்வால்ட் என்றால் என்னவென்று விளக்க வேண்டும். “ஸ்போர்ட்ஸ் எக்யூப்மென்ட் எடுத்துப் போகலாம் சார், விமான நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்” என்ற பதில் வரும். எழுத்தில் கேட்டால் பொதுவான விதியை வெட்டி ஒட்டி ஒரு மின்னஞ்சல் வரும். அதை அச்செடுத்துக்கொண்டு விடியற்காலை விமானத்துக்கு நள்ளிரவிலேயே போய் நிற்பார்கள். டெர்மினல் வாசலில் கம்புக் கட்டைப் பார்த்ததும் பாதுகாப்புக் காவலர் நிறுத்துவார். அவருக்கு விளக்கம். உள்ளே கவுன்டரில் இருக்கும் இளம் ஊழியருக்கு விளக்கம். அவர் மேற்பார்வையாளரைக் கூப்பிடுவார். மேற்பார்வையாளர் சரக்கு ஏற்றுகிறவர்களை வாக்கி டாக்கியில் கேட்பார். பெட்டிகளை ஊடுகதிரில் சோதிக்கும் பட்டையில் இது போகாது; வேறு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கவுன்டர் மூட இருபது நிமிடம் இருக்கும்போது, “இன்று லோடு அதிகம், ஏற்ற முடியாது” என்ற பதில் வரும். மறுப்புக்குக் காரணம் எழுதித் தாருங்கள் என்றால் தர மாட்டார்கள். அப்போது அந்த வீரர் என்ன செய்வார்? கம்பை யாரிடம் விட்டுவிட்டு விமானம் ஏறுவார்? ஏறினாலும் அங்கே போய் எதை ஊன்றித் தாண்டுவார்?

போகும்போது ஏற்றிக்கொண்ட அதே கம்பு, திரும்பும்போது மறுக்கப்படும். அதே நிறுவனம், அதே ரக விமானம், ஆள்தான் வேறு. விதி என்று ஒன்று இருந்தால் ஆள் மாறினால் பதில் மாறாது. பயணியின் கதி அன்றைய பணியாளரின் மனநிலையைப் பொறுத்தது என்றால் அதற்கு விதி என்று பெயர் கிடையாது. அந்தக் கவுன்டர் ஊழியரையும் நாம் குறை சொல்லவில்லை. அவர் கையில் தெளிவாக எதையும் கொடுக்காமல் அங்கே நிற்க வைத்தவர்கள் வேறு இடத்தில் குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள்.

ஒருவழியாக ஏற்றிக்கொண்டாலும் கதை முடிவதில்லை. உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். உள்நாட்டுப் பயணத்தில் உடைமை தொலைந்தாலோ சேதமானாலோ கிடைக்கக்கூடிய இழப்பீட்டின் உச்சவரம்பு 20,000 ரூபாய். கம்புக் கட்டு ஒன்றின் விலைக்கு அது எந்த மூலைக்கு? கட்டணம் வாங்கும்போது சிறப்புப் பொருள், உடைத்துவிட்டால் சாதாரணப் பெட்டி. இந்தக் கணக்கை எழுதியவர்கள் ஒரு நாளாவது ஒரு வீரரோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

விமான நிறுவனங்கள் சொல்லும் காரணத்தில் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் போன்ற சிறிய விமானத்தில் 5 மீட்டர் கம்பை வைக்க இடம் கிடையாது. பெரிய விமானத்திலும் சரக்கு அறையின் நீளமும் அதன் கதவின் அகலமும் வளைத்து நுழைக்க விடுமா என்பதையும் பார்க்க வேண்டியதுதான். தரையில் நிற்கும் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தாக வேண்டும். சரி. அப்படியானால் முடியும் விமானம் எது, முடியாத விமானம் எது என்று முன்கூட்டியே சொல்வதில் என்ன தடை? 2007-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் அலைச்சறுக்குப் பலகை உள்ளிட்ட நீளமான கருவிகளை இனி ஏற்க மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. மோசமான முடிவுதான், ஆனாலும் பயணிக்கு வீட்டிலேயே தெரிந்துவிட்டது. நம் நாட்டில் கவுன்டருக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

அந்தச் சுற்றறிக்கையை எழுதிய அதே அதிகார வட்டாரத்தின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். பயணியின் பெட்டி 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை இருந்தால், கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ல் ஓர் உத்தரவு போட்டார்கள். பயணிகள் வரவேற்றார்கள். நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2017-ல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதிமன்றத்தில் நிற்கும் பலத்தோடு ஓர் உத்தரவை எழுதத் தெரியவில்லை. நிறுவனங்கள் கூடுதல் எடைக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றிக்கொண்டன. பட்ட காயத்துக்கு மருந்து தேட யாரும் முன்வரவில்லை.

2018 ஜூலையில் ஆஸ்திரேலிய ஓப்பன் போட்டிக்காக மெல்போர்ன் போக வேண்டிய இந்திய டேபிள் டென்னிஸ் அணி டெல்லி விமான நிலையத்தில் நின்றதே, அதை மறந்துவிட்டார்களா? டிக்கெட் உறுதியான வீரர்கள் 7 பேருக்கு விமானத்தில் இடமில்லை என்றார்கள். அன்று அந்த விமானம் அரசு நிறுவனத்துடையது. காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்று மூன்றே மாதமான மனிகா பத்ரா சமூக ஊடகத்தில் முறையிட்ட பிறகுதான் அதிகாரிகள் ஓடி வந்தார்கள். அதே மனிகாவின் விளையாட்டுச் சாமான்கள் இருந்த பை 2023-ல் ஆசியப் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது விமானப் பயணத்தில் காணாமல் போனது. மறுபடியும் சமூக ஊடகம்தான் கைகொடுத்தது. லட்சக்கணக்கானோர் பின்தொடரும் வீராங்கனைக்கே இந்த நிலை என்றால், மாநில அளவில் விளையாடும் பதினெட்டு வயதுப் பெண் யாரிடம் முறையிடுவாள்?

ரயில் பக்கம் திரும்பினால் அங்கும் இதே கதைதான். தேசியப் போட்டிகளுக்குப் போகும் வீரர்களுக்கு ரயில் கட்டணத்தில் இருந்த சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா ஓய்ந்தது, ரயில்கள் ஓடின, சலுகை திரும்பவில்லை. ரயிலில் பெட்டிகளுக்கு 100 செ.மீ. நீளம் என்று வரம்பு வைத்திருப்பவர்கள், 5 மீட்டர் கம்போடு வருகிறவரைப் பற்றி யோசிக்கவில்லை. வானத்திலும் இடமில்லை, தண்டவாளத்திலும் இடமில்லை.

ஒரு கம்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சாட்சி. பிரேசிலின் ஃபபியானா முரர் பெண்கள் இறுதிப் போட்டியின் நடுவே தன் கம்புகளில் ஒன்றைக் காணாமல் மைதானத்தில் இங்கும் அங்கும் தேடினார். அமைப்பாளர்களின் கவனக்குறைவு அது. நாலு வருட உழைப்பு அன்றோடு போயிற்று. பதக்க வரிசையின் பக்கம்கூட அவரால் வர முடியவில்லை. மூன்று ஆண்டு கழித்து டேகுவில் உலக சாம்பியன் ஆனார். அவ்வளவு திறமையுள்ளவரையே ஒற்றைக் கம்பு வீழ்த்திவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துப் பிரச்சினை இல்லை. இந்தியப் போல்வால்ட்டின் வீடு என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. வி.எஸ்.சுரேகா 2014-ல் வைத்த 4.15 மீட்டர் தேசிய சாதனையை 2022 அக்டோபரில் காந்திநகர் தேசிய விளையாட்டுப் போட்டியில் முறியடித்த ரோசி மீனா பால்ராஜ் நம்மூர்ப் பெண். அங்கே 4.20 தாண்டியவர், அதே மாதம் பெங்களூருவில் 4.21 தாண்டினார். அதே காந்திநகரில் 5.31 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்த ராணுவ வீரர் சிவ சுப்பிரமணியமும் தமிழர். அந்தச் சாதனையைத்தான் 2025-ல் உத்தராகண்டில் 5.32 மீட்டரோடு தேவ் மீனா கடந்தார். சாதனைகள் காந்திநகரில், பெங்களூருவில், டேராடூனில் நடக்கின்றன. கம்புகளும் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் நடக்கும். மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடத்திப் பெருமைப்பட்டோம். ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கோவளத்துப் பிள்ளைகள் பலகையோடு வெளியூர் போக விமான நிலையத்துக்கு வந்தால் இதே கவுன்டர், இதே பதில்.

2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்தில் நடத்தும் உரிமை இந்தியாவுக்குக் கிடைத்துவிட்டது. 2036 ஒலிம்பிக்கையும் கேட்கிறோம். மைதானம் கட்டப் பணம் ஒதுக்கும் அரசு, அந்த மைதானத்துக்கு ஒரு கம்பு எப்படி வந்து சேரும் என்று யோசிக்க ஒரு மாலை நேரத்தைக்கூட ஒதுக்கவில்லை. “பயணிக்கு உகந்த முறையில்”, “வெளிப்படையாக” என்பது போன்று அதிகாரிகள் சொல்லும் பொதுச் சொற்களைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. விமானத் துறை, ரயில்வே, விளையாட்டுத் துறை மூன்றும் ஒன்றாக உட்கார வேண்டும். வீரர்களையும் பயிற்சியாளர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். விமான நிறுவனங்களையும் அழையுங்கள். அவர்களுடைய சிரமத்தையும் கேளுங்கள். வழி இருக்கிறது, மனம்தான் வேண்டும். தமிழக அரசும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதை டெல்லியில் எழுப்ப வேண்டும். இதுவரை போதுமான அளவு எழுப்பவில்லை.

பன்வேலில் கம்புகளோடு காத்துக்கிடந்தவர் அன்று வரை இந்த நாட்டில் வேறு யாரும் தாண்டாத உயரத்தைத் தாண்டியவர். அவருக்கு உரிய பதிலை இந்த அதிகாரிகள் இன்னும் எழுத்தில் தரவில்லை.