மெயின் ஹீரோயினுக்கு வந்த சோதனை

டிஸ்கி: நிசெகோய், கோதோபுன் நோ ஹனாயோமே ரெண்டோட முடிவும் கீழே இருக்கு. படிக்காதவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம் :-)

ஒரு பையன், சுத்தி நாலஞ்சு பொண்ணுங்க. யாரு ஜெயிப்பாங்கன்னு பெரும்பாலும் முதல் அத்தியாயத்துலயே தெரிஞ்சிடும். ஹாரெம் மாங்காவோட தலைவலியே இதுதான். முடிவு தெரிஞ்ச மேட்சை வருஷக்கணக்கா ஓட்டணும். இதுல ஷோனென் ஜம்ப் மாதிரி வாரப் பத்திரிகைன்னா வாசகர் கருத்துக்கணிப்பு வேற. ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு ரசிகர் படை இருக்கு, யாரையும் பகைச்சுக்க முடியாது. அதனால வாரம் ஒரு பொண்ணுன்னு ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங்தான். பக்கம் சமமாப் போகும், கதை நகராது.

நிசெகோயை எடுத்துக்கங்க. 2011லேர்ந்து 2016 வரை, 25 தொகுதி. ஜெயிச்சது சிதோகே. ஒனோதெராவும் ராக்குவும் நடுநிலைப் பள்ளியிலேர்ந்தே ஒருத்தரையொருத்தர் விரும்புறாங்க. வாயைத் திறந்தா ஒரே அத்தியாயத்துல முடிஞ்சிருக்கும். ஆனா சொல்லப் போறப்பல்லாம் எவனாவது உள்ள பூந்துடுவான். அந்தப் பொண்ணை வெயிட்டிங் லிஸ்ட்லயே வெச்சிருந்தார் ஆசிரியர், கன்ஃபர்ம் ஆகாதுன்னு தெரிஞ்சே. முதல் நாளே நேராக் காதலைச் சொன்ன மரிகா எவ்வளவோ தேவலாம்.

நேகி ஹருபாவோட கோதோபுன் (2017-2020, 14 தொகுதி) இதை வேற மாதிரி கையாண்டுச்சு. ஆரம்பத்துலயே கல்யாணத்தைக் காட்டிட்டார். மணப்பொண்ணு ஒரே முகம் கொண்ட அஞ்சு சகோதரிகள்ல ஒருத்தி. யாருங்கறதுதான் கேள்வி. ஆக மெயின் ஹீரோயினே மறைஞ்சு நிக்கிறா. விடை யோட்சுபா. பழைய பள்ளியில தான் ஃபெயிலானதால அக்கா தங்கச்சிங்களும் கூடவே வெளியேற வேண்டி வந்துச்சேங்கற குற்ற உணர்ச்சியில, தன் ஆசையை அமுக்கிட்டு மத்தவங்களை முன்னாடி தள்ளினவ. மறைச்சதுக்கு விலையும் உண்டு. அவளுக்குக் காதல் பக்கங்கள் கம்மி, அதனால மிக்கு ரசிகர்கள் பொங்கினாங்க. நியாயம்தான்.

ஆனா தோத்தவங்களைப் பாருங்க. மிக்கு சமையல் படிக்கப் போறா. இச்சிகா நடிகை. இட்சுகி டீச்சராகணும்னு படிக்கிறா. ஹீரோ கிடைக்கலைன்னாலும் அவங்க வாழ்க்கை நிக்கலை. பேலன்ஸ்னா இதுதான்னு நான் சொல்லுவேன். பக்கத்தை எண்ணிப் பங்கு போடறதுல ஒண்ணும் இல்லை. ஹீரோவைத் தூக்கிட்டாலும் அந்தப் பொண்ணுக்கு ஒரு கதை மிஞ்சுதான்னு பாக்கணும்.

"சண்டையே வேணாம், ஆளுக்கு ஒரு முடிவு"ன்னு போன போகுபென்னும் (2017-2020) இருக்கு. உருகாவோட முடிச்சிட்டு, மத்த நாலு பேருக்கும் தனித்தனி முடிவு எழுதினாங்க. ரசிகர்களுக்கு சந்தோஷம். ஆனா எல்லாரும் ஜெயிச்சா, அதுவரைக்கும் அவங்க பட்ட தவிப்புக்கு என்ன மதிப்பு? தோக்குறதுக்கு வாய்ப்பு இருந்தாத்தானே ஒரு பொண்ணு காதலைச் சொல்றது தைரியம்?

ஒனோதெரா கட்சிக்காரங்க சண்டைக்கு வரலாம். நானும் அந்தக் கட்சிதான்.