இரண்டு கணக்கெடுப்பும் ஒரு நேர்கோடும்

இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் வழியே கோடிழுத்து, ஒரு மொழிக்குச் சாதகம் கணிக்கும் வழக்கம் நம் ஆய்வுலகில் இருக்கிறது. இரு புள்ளிகளின் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் செல்லும் என்பது வடிவியல் உண்மை. மொழி அக்கோட்டின் மேல் நடக்கிறது என்பது நமது கற்பனை.

கணக்கிட்டே பார்க்கலாம். இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 2001இல் 6,07,93,814 பேர். 2011இல் 6,90,26,881 பேர். வேறுபாட்டைப் பத்தால் வகுத்தால் சாய்வு ஆண்டுக்குச் சுமார் 8,23,307. எனவே சமன்பாடு: தொகை = 6,07,93,814 + 8,23,307 × (ஆண்டு − 2001). இதைப் பின்னோக்கி நீட்டினால் 1927இல் சுழியத்தைத் தொடுகிறது. அதற்கு முன்பே தாராவிக்குத் தோல் பதனிட வந்த திருநெல்வேலிக்காரர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதை அந்தக் கோட்டிடம்தான் கேட்க வேண்டும்.

தொகையை விட்டு விழுக்காட்டைப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. 2001இல் 5.91, 2011இல் 5.70. இந்தக் கோட்டின்படி தமிழ் 2282இல் மறைந்துவிடும். 1991இன் 6.32 விழுக்காட்டையும் 2001ஐயும் இணைத்தாலோ மறைவு 2145இலேயே வந்துவிடுகிறது. (1991இல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை என்பது தனிச் சிக்கல்.) புள்ளிகளைப் பத்தாண்டு நகர்த்தியதில் 137 ஆண்டு ஆயுள் கூடிவிட்டது!

இது வெறும் வேடிக்கை அன்று. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளப்பட்டுள்ளது. இடையில் தாராவி மறுசீரமைப்பு. குடும்பங்களில் ஒரு பகுதி வெளியே அனுப்பப்படவிருக்கிறது. தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம். செம்பூரும் முலுண்டும் புறநகர் மாவட்டம். தாராவியிலிருந்து முலுண்டுக்கு ஒரு குடும்பம் பெயர்ந்தால் நகர மாவட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் குறையும். வீட்டில் பேசும் மொழியோ மாறியிருக்காது. 2011ஐயும் 2027ஐயும் இணைத்து நாளை ஒருவர் இழுக்கப்போகும் கோட்டின் சாய்வு, மொழிமாற்றத்தையன்றிக் குடிபெயர்ப்பையே அளக்கும்.

மேலும், கணக்கெடுப்பு கேட்கும் தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி. தெருவில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் மூன்றாம் தலைமுறைச் சிறுமியும் அதில் தமிழர்தான். அவள் தம்பியிடம் எதில் பேசுகிறாள் என்பதை அந்த எண் சொல்லாது. அதை அறிய வயதுவாரியான இருமொழி அட்டவணைகளைப் புரட்ட வேண்டும். பிறகு வீடு வீடாகப் போக வேண்டும். இடப்பெயர்வுக்கு முன்பே போவது நல்லது.