மானியமும் மின்விளக்கும்

'எரிபொருள் மானியத்தை அனுபவிப்போர் பெரும்பணக்காரரும் வெளிநாட்டவருமே' என்னும் வாசகம் மலேசிய மேடைகளில் ஆண்டுக்கணக்காக ஓதப்பட்டு, 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் மானியம் விலக்கப்பட்டு டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது எல்லாக் கேள்விகளுக்கும் பதிலாக நீட்டப்பட்டது. பெரிய வண்டி அதிகம் குடிக்கும் என்பது உண்மைதான். அதைக் கண்டுபிடிக்க அறிஞர் குழு தேவையில்லை.

பாதிக்கப்பட்டோர்க்கு 2024இல் 'பூடி மடானி' உதவித் திட்டம் வழியாக மாதம் 200 ரிங்கிட் கிடைத்ததே என்பர். அது டீசல் வாகனம் வைத்திருப்போர்க்கும் சிறுதோட்டக்காரர்க்கும் உரியதாக இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபின் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிளோடு வாழும் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி இரண்டிலும் சேரவில்லை. அவர் வாங்கும் காய்கறியை ஏற்றிவரும் லாரிக்குச் சலுகை அட்டை உண்டாம். அட்டை கிடைத்த லாரிக்கு உண்டு.

மானியமே மின்வாரியங்களை நொடிக்கச்செய்து இருளைக் கொணர்கிறது என்னும் துணைவாதம், எல்லா நோய்க்கும் ஒரே சூரணம் தரும் வைத்தியத்தை ஒத்தது. பேராக் ஆற்றின் செண்டரோ அணை 1930இலேயே கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கிவிட்டது; சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் லயங்களிலோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது, பிறகு வந்த தோட்டத்து ஜெனரேட்டரும் பல இடங்களில் மாலையில் சில மணி நேரம் ஓடி அடங்கியது. அந்த இருட்டுக்கு எந்த மானியமும் காரணமன்று. கம்பி எங்கே போகவேண்டும் என்பதை முதலாளியின் தேவை தீர்மானித்தது.

1992 செப்டம்பர் 29 அன்று தீபகற்பமே இருண்டதற்கும் மின்கடத்தல் அமைப்பின் பழுதே காரணம். அதன்பின் தனியார் மின் உற்பத்தியாளர்களுக்கு உரிமங்கள் வழங்கப்பட்டன. 1996 ஆகஸ்டு 3 அன்று தீபகற்பம் மறுபடியும் இருண்டது. அவ்வுரிமங்களில் ஒன்றால் பேராக்கின் செகாரியில் எழுந்த 1,303 மெகாவாட் எரிவாயு நிலையம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயார்நிலைக்காகச் செலுத்தப்படும் 'திறன் கட்டணம்' பெற்றது. எரிபொருள் செலவோ மின்சாரத்தை வாங்கும் மின் நிறுவனமான தெனாகாவின் தலையில் விழுந்தது. அந்நாளில், 1997 முதல் 2008 வரை, மின்துறைக்கு எரிவாயு பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 6.40 ரிங்கிட் என்னும் கட்டுப்பாட்டு விலையில் தரப்பட்டது. மானியத்தால் கொழுத்தவரைத் தேடிப் புறப்பட்டவர்கள் பெட்ரோல் நிலையத்திலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். செகாரி வரை அது ஓடுவதில்லை.